சம்பந்தித் தட்டில் வைத்த சுருட்டு

அன்று லாட்ஜ் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள். நான். என் வீட்டுக்காரர். எங்கள் மகள். மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் அப்பா. மாப்பிள்ளையின் அம்மா. ஐயர். லாட்ஜ் மேனேஜர். மேனேஜர் சும்மா எட்டிப் பார்க்க வந்தவர், சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டார். எட்டுப் பேர்.

லாட்ஜ் திருச்சானூரில் இருக்கிறது. அங்கே பதினாறு வருஷமாக ரூம் சுத்தம் செய்கிறேன். என் வீட்டுக்காரர் அதே லாட்ஜில் ராத்திரி வாட்ச்மேன். மோட்டார் போடுவதும் அவர்தான். வேலை செய்கிறவர்கள் வீட்டு நிச்சயம் என்று மேனேஜர் கீழ்க் கூடத்தை வாடகை இல்லாமல் விட்டார். சித்தூரிலிருந்து வருகிற மாப்பிள்ளை வீட்டாருக்கு மாடியில் இரண்டு ரூமும் கொடுத்தார். இருநூற்று நான்கு, இருநூற்று ஐந்து. நான் தினம் கூட்டுகிற ரூம்கள்.

மகளுக்கு ஸ்ரீ சிட்டியில் ஒரு பேக்டரியில் வேலை. வரதய்யபாளையத்தில் ஹாஸ்டல். சனிக்கிழமை வருவாள். திங்கள் விடியற்காலை போய்விடுவாள். அவளுக்கு வீசிங். சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. ஊதுபத்தி ஆகாது, கற்பூரம் ஆகாது, புகை கூடவே கூடாது. எட்டு வயதில் ஒரு முறை உதடு நீலமாகிவிட்டது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த ஆட்டோவில்தான் என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்த பீடிக்கட்டை எடுத்து ரோட்டில் எறிந்தார். பிள்ளை பிழைத்து வந்ததும் திருப்பதி மலைக்குப் போய் முடி கொடுத்தார். இனிமேல் தொடமாட்டேன் என்று அங்கே நின்று சொன்னார். மற்ற விஷயங்களில் அவரைப் பற்றி நான் பெரிதாகச் சொல்லமாட்டேன். இதில் மட்டும் யாரிடமும் சொல்வேன்.

அதனால் பெண் பார்க்க வந்த அன்று நான் முதலில் கேட்டது இதைத்தான்.

"வூட்ல யாராச்சும் சிகரெட்டு, பீடி குடிப்பீங்களா?"

மாப்பிள்ளை இல்லை என்று தலையாட்டினான். அவன் அப்பா பதில் சொன்னார். லாரி ஓட்டி ஓய்ந்தவர். பெரிய கை, பெரிய குரல்.

"எங்க வூட்ல அந்தப் பழக்கமே கெடையாதும்மா. நான் மட்டும் எப்பவாச்சும். நல்ல காரியம்னா ஒரு சுருட்டு. இவன் பொறந்தப்போ எங்க ஓனரு ஒண்ணு குடுத்தாரு, புடிச்சேன். இவனுக்கு வேல கெடச்சப்போ ஒண்ணு. அவ்ளோதான்."

"புடிச்சிட்டு ரெண்டு நாள் தலைய தூக்காம படுத்துக்கினு இருந்தீங்களே, அத்தையும் சொல்லுங்க" என்றார் அவர் மனைவி.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

எப்பவாச்சும் என்கிற வார்த்தை எனக்குப் பழக்கம். லாட்ஜில் தினம் கேட்கிறேன். சார், ரூமில் சிகரெட் பிடிக்கக்கூடாது என்றால் சிலர் பிடிக்கவே மாட்டேன் என்பார்கள். சிலர் எப்பவாச்சும்தான் என்பார்கள். இரண்டாவது ஆள் ரூமில்தான் எனக்கு வேலை அதிகம்.

நான் மூக்கை நம்புவதில்லை. பினாயிலும் ஆசிடும் சேர்ந்து அதை எப்போதோ தின்றுவிட்டன. கண்ணும் விரலும்தான். சோப்பு வைக்கிற இடத்தில் சாம்பல் கரைந்த கோடு இருக்கும். ஃபிளஷ் தொட்டியின் மூடியில் காப்பி நிறத்தில் ஒரு புள்ளி இருக்கும். எங்கேயும் இல்லையென்றால் பாத்ரூமில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு ஏறவேண்டும். வென்டிலேட்டர் கண்ணாடிக்கு நடுவே கையை வெளியே விட்டு, அந்தப் பக்கம் இருக்கிற சன்ஷேடைத் தடவவேண்டும். பொய் சொல்கிறவர்கள் சிகரெட் துண்டுகளை அங்கேதான் தள்ளுகிறார்கள். கீழே இருந்து தெரியாது. உள்ளே இருந்தும் தெரியாது. கை வைத்தால்தான் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் லாட்ஜில் தங்குகிறவர்கள் மலைக்குப் போகிறவர்கள். மலையடிவாரத்தில், அலிபிரியில், பையைத் திறந்து பார்ப்பார்கள். சிகரெட், பீடி, சாராயம் எதுவும் மேலே போகாது. அதனால் கிளம்பும்போது எல்லாவற்றையும் ரூமில் விட்டுவிட்டுப் போவார்கள். மலைக்குப் போனவர் ரூமைக் கூட்டினால் ஆள் யாரென்று தெரிந்துபோகும். சம்பந்தி வீட்டார் நிச்சயம் முடிந்த மறுநாள் மலைக்குப் போவதாக இருந்தார்கள். மாப்பிள்ளையும் அவன் அப்பாவும் முடி கொடுக்கவேண்டும் என்று வேண்டுதல்.

அதை வைத்துத்தான் நான் சுருட்டு வாங்க முடிவு செய்தேன்.

எங்கள் பக்கத்தில் நிச்சயத்தன்று சம்பந்தித் தட்டு என்று ஒன்று வைப்போம். மாப்பிள்ளையின் அப்பாவுக்குத் தனியாக. வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு, கூடவே அவருக்குப் பிடித்த பொருள் ஒன்று. எனக்குக் கல்யாணம் ஆனபோது என் மாமனார் தட்டில் மூக்குப்பொடி டப்பி இருந்தது. இவருக்குச் சுருட்டு வைத்தால் மரியாதையும் ஆயிற்று. கையில் ஒரு டப்பா சுருட்டு இருக்கும்போது அந்த மனுஷன் ஒன்றோடு நிறுத்துகிறாரா என்று பார்த்ததும் ஆயிற்று.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வீசிங் இருக்கற பொண்ண வெச்சிக்கினு சம்பந்திக்கு சுருட்டு வாங்கற மொத ஆளு நீதாம்மே."

"அவருதானே சொன்னாரு."

"சொன்னாரு. கேட்டாரா?"

"நீயும் கூட வா. எது நல்லதுன்னு எனக்கு இன்னா தெரியும்?"

"நான் வரல. அந்தக் கட வாசல்ல போயி நிக்கமாட்டேன்."

சோற்றைப் பார்த்தபடி சொன்னார். விட்டவருக்கு அந்த வாசனை கஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். நான் மட்டும் போனேன்.

ஷேர் ஆட்டோவில் திருப்பதி. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் அந்தக் கடை. சிகரெட், வத்திப்பெட்டி, வெளிநாட்டு சாக்லேட் எல்லாம் விற்கிறார்கள். சுருட்டு கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். யூனிபார்ம் புடவையோடு போயிருந்தேன்.

"ஏம் காவாலம்மா?" என்றார், என்ன வேண்டும் என்று தெலுங்கில்.

"சுருட்டு. காரம் இல்லாதது."

நான் தமிழில் சொன்னதும் அவரும் தமிழுக்கு வந்தார். "யாருக்கும்மா?"

"சம்பந்திக்கு. நிச்சயத் தட்டுல வெக்க."

"தினம் பிடிக்கறவரா?"

"எப்பவாச்சும்னு சொல்றாரு."

"சொல்றாரா?" சிரித்தார். "சரி, அப்ப சொல்றத வெச்சே குடுப்போம்."

மூன்று வகை எடுத்து வைத்தார். ஒன்று கட்டைவிரல் கனம், கறுப்பு. அதை அவரே தள்ளி வைத்தார். "இது பழக்கப்பட்ட ஆளுக்கு. புதுசா பிடிக்கறவரு இத பாதி பிடிச்சாலே வேர்த்துக் கொட்டும். தலை சுத்தும்." இரண்டாவது கொஞ்சம் ஒல்லி, வெளுத்த நிறம். நான் அதைக் காட்டி, வெளுப்பாக இருக்கிறதே, இது காரம் இருக்காதா என்று கேட்டேன்.

"கலர நம்பாதீங்க. அது மேல சுத்தற எல. உள்ள இன்னா இருக்குதுன்னு பத்தவெச்சாதான் தெரியும்."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது. ஆனால் அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிகரெட் பெட்டியில் போடுகிற நோய்ப் படம் அதில் இல்லை. நான் கூட்டி அள்ளுகிற காலிப் பெட்டி எல்லாவற்றிலும் அந்தப் படம் இருக்கும்.

"படம் எங்கே?"

"அது ஃபாரின்மா. வராது."

"அப்ப வேணாம்."

"ஒரிஜினல் சரக்கும்மா."

"படம் இருக்கறத குடுங்க."

மூன்றாவதைத் தள்ளினார். தட்டையான தகர டப்பா. மேலே படம் ஒட்டியிருந்தது. உள்ளே பத்து, என் விரல் நீளம், விரலைவிட ஒல்லி. எப்பவாச்சும் பிடிக்கிறவருக்கு இதுதான் சரி என்றார். காரம் கம்மி, பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும், பாதியில் வைத்தாலும் மனசு ஆறும். புகையை நெஞ்சுக்குள் இழுக்கக்கூடாது, வாயோடு விட்டுவிடவேண்டும். வெறும் வயிற்றில் கூடாது. பக்கத்தில் இனிப்பு இருக்கட்டும், தலை சுற்றினால் ஒரு வாய் போட்டுக்கொள்ளட்டும்.

"திறங்க" என்றேன்.

"சீல் போயிடுமே."

"எண்ணணும்."

திறந்தார். எண்ணினேன். பத்து. ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து அமுக்கச் சொன்னார். நொறுங்கினால் பழையது, அமுங்கித் திரும்பினால் புதியது. மெதுவாக அமுக்கினேன். அமுங்கியது. திரும்பி வந்தது. வாங்கிக்கொண்டேன்.

நிச்சயம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. கற்பூரம் வேண்டாம் என்று ஐயரிடம் முன்பே சொல்லியிருந்தேன். முகத்தைச் சுளித்தார், ஒப்புக்கொண்டார். தட்டு மாற்றினோம். சம்பந்தித் தட்டு பித்தளை, என் கல்யாணத்துக்கு வந்தது. புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தேன். அதில் வேட்டி, துண்டு, வெற்றிலை, நான்கு பாதுஷா, அந்த டப்பா.

சம்பந்தி டப்பாவை எடுத்துப் பார்த்தார்.

"நான் சும்மா பேச்சுக்கு சொன்னேன். நீ அத்த ஞாபகம் வெச்சிக்கினு வாங்கிட்டியாம்மா."

"பத்து இருக்குது" என்றேன். "எண்ணிட்டுதான் வெச்சேன்."

அவர் மனைவியைப் பார்த்து, "போலீஸ்காரங்க வூட்ல பொண்ணு எடுக்கறோம் போல" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளைகூடச் சிரித்தான். மகள் என்னை முறைத்தாள்.

சாப்பிட்டதும் சம்பந்தி எழுந்தார். "பொண்ணு கீழ இருக்கட்டும். நான் மொட்ட மாடிக்கி போயிட்டு வரேன்" என்று அவராகவே சொன்னார். பாதுஷா ஒன்றை இலையில் மடித்து எடுத்துக்கொண்டார். அதிக மரியாதை காட்டுகிறவர்களை நான் இன்னும் கொஞ்சம் கவனிப்பேன். கயிற்றில் காய்ந்த ரூம் துண்டுகளை எடுக்கிற சாக்கில் நானும் பின்னால் போனேன். என் வீட்டுக்காரரும் வந்தார்.

சம்பந்தி சுருட்டை சாக்பீஸ் பிடிக்கிற மாதிரி பிடித்தார். இரண்டு குச்சி கிழித்தார். காற்றில் அணைந்துபோனது. நான் கயிற்றின் மறுபக்கம் துண்டை மடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கமில்லாதவர் மாதிரி நடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

"குடுங்க சம்பந்தி" என்றார் என் வீட்டுக்காரர். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார். இரண்டு கையையும் குவித்தார். ஒரே குச்சி. பற்றிக்கொண்டது.

"நீங்களும் ஒண்ணு எடுங்க."

"ஐயோ, வேணாம் சம்பந்தி. மலைக்கி முடி குடுத்து விட்டவன் நான்."

"அப்ப நான்தான் இங்க கெட்டவனா?" சம்பந்தி சிரித்தார். இழுத்தார். இருமினார். கண்ணில் தண்ணீர் வந்தது. நாலைந்து இழுப்புக்குப் பிறகு முகம் வெளுத்து சுவரில் சாய்ந்து பாதுஷாவைத் தின்றார். பாதி சுருட்டை அணைத்துக் காகிதத்தில் மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். டப்பாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாரையும் பார்க்கவில்லை.

அவர்கள் ரூமுக்குப் போனார்கள். நானும் மகளும் வீட்டுக்குப் போனோம். வீடு இரண்டு தெரு தள்ளி, வரிசை வீட்டில் கடைசி. என் வீட்டுக்காரர் டியூட்டிக்கு நின்றார்.

திங்கள் காலை ஏழு மணிக்கு நான் வேலைக்கு வந்தேன். மகள் அன்று லீவு போட்டிருந்தாள், வீட்டில் தூங்கினாள். என் வீட்டுக்காரர் கேட்டில் இருந்தார். டியூட்டி முடிந்து கிளம்பத் தயார். டப்பாவை என் கையில் கொடுத்தார்.

"சம்பந்தி அஞ்சு மணிக்கெல்லாம் வேன் ஏறிட்டாரு. மேல கொண்டுபோவ முடியாதுன்னு என்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. நீ வெச்சிக்கோ."

அவர் வீட்டுக்குப் போனார். நான் மாடிப்படியில் நின்று டப்பாவைத் திறந்தேன். எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன்.

ஏழு.

பத்தில் ஒன்று என் கண் முன்னால் போனது. மற்ற இரண்டும் ராத்திரி போயிருக்கின்றன. எப்பவாச்சும் பிடிக்கிறவர். தலை சுற்றி சுவரில் சாய்ந்தவர்.

எனக்குக் கோபம் வரவில்லை. எதிர்பார்த்ததுதான். ஒரு மனுஷன் புகையைப் பற்றிப் பொய் சொன்னால் அந்த வீட்டில் என் மகள் தூங்கமுடியாது. தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், தாலி ஏறவில்லையே என்று நினைத்தேன். ஆனால் கையில் அத்தாட்சி வேண்டும். சாவியை எடுத்துக்கொண்டு இருநூற்று நான்குக்குப் போனேன்.

கட்டில் விரிப்பு மடித்து வைத்திருந்தது. அதுவே சந்தேகம். யாரும் மடிப்பதில்லை. சோப்பு இடத்தைத் தடவினேன். சோப்புதான். ஃபிளஷ் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். சுத்தம். ஜன்னல் கம்பி, கட்டிலுக்கு அடி, தண்ணீர் போகிற ஜாலி. ஒன்றும் இல்லை. பக்கெட்டைக் கவிழ்த்து ஏறி வென்டிலேட்டர் வழியாகக் கையை விட்டேன். சன்ஷேடில் ஒரு புறாச் சிறகு இருந்தது. அவ்வளவுதான்.

இருநூற்று ஐந்து மாப்பிள்ளையுடையது. அங்கேயும் அதே வரிசையில் பார்த்தேன். மேஜை மேல் சார்ஜர், கடலைமிட்டாய்க் காகிதம், சீப்பு. சீப்பை மறந்துவிட்டுப் போகவில்லை, மொட்டை அடிக்கப் போகிறவனுக்கு அது எதற்கு. சன்ஷேடில் தூசி மட்டும்.

இவ்வளவு சுத்தமாக மறைக்கிறவர்களை நான் பார்த்ததில்லை. அப்படித்தான் நினைத்தேன். இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பதினொரு மணி இருக்கும், மகள் போன் செய்தாள். மூச்சு இழுக்கிற சத்தம் முதலில் கேட்டது.

"அம்மா, பம்பு எங்க வெச்ச?"

"ஃப்ரிட்ஜ் மேல. நைனாவ எழுப்பு."

"நைனா தூங்குது. நான் எடுத்துக்கறேன்."

பம்பை வாயில் வைத்து மருந்தை அடித்துக்கொண்டாள். இரண்டு நிமிஷம் போனைப் பிடித்தபடி நின்றேன். சத்தம் குறைந்தது.

"நேத்து அந்த ஆளு சுருட்டு புடிச்சாரே, அதுதான்" என்றேன்.

"அவரு மாடில புடிச்சாரும்மா. நான் கீழ இருந்தேன். நேத்து முழுக்க எனக்கு ஒண்ணும் வரல."

"டப்பால ரெண்டு கொறையுது. ராத்திரி புடிச்சிருக்காரு. இந்த சம்பந்தம் வேணாம்."

"எதுவா இருந்தாலும் அவங்க வரட்டும். அவரையே கேளு. நீயா முடிவு பண்ணாத. ஹாஸ்டல்ல எனக்கு மாசத்துக்கு ஒருவாட்டி வந்தா அதிகம்மா. வூட்டுக்கு வந்தாதான் வருது."

"இங்க ஆட்டோ பொகை, கோயில் பொகை."

"சரிம்மா" என்று வைத்துவிட்டாள்.

நாலரைக்கு வேன் வந்தது. சம்பந்தியும் மாப்பிள்ளையும் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு இறங்கினார்கள். இருவரும் ஒரே அச்சு. என் வீட்டுக்காரர் பை தூக்கிக் கொடுக்க அன்று சீக்கிரமே வந்திருந்தார். சம்பந்தி என் கையில் லட்டு வைத்தார். நான் வாங்கி மேஜை மேல் வைத்தேன். டப்பாவை நீட்டினேன்.

"இதுல எத்தினி வெச்சிட்டுப் போனீங்க?"

"ஏம்மா?"

"கேக்கறேன், சொல்லுங்க."

"ஒம்பது. நீ பத்துன்னு எண்ணிக் குடுத்த. நான் ஒண்ணுல பாதிதான் புடிச்சேன், அதுக்கே ராத்திரி சோறு எறங்கல. மிச்சம் ஒம்பதையும் சம்பந்தி கையில குடுத்தேன். வேணும்னா அவரையே கேளு." டப்பாவைத் திறந்தார். விரலால் தொட்டு எண்ணினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அந்த மொட்டைத் தலை சிவந்துபோனது. அவருக்குத்தான் வெட்கம் வந்தது.

"இல்ல இல்ல, நான்தான் தப்பா எண்ணிட்டேன் போல" என்றார். "ராத்திரி வேன்காரனுக்கு ரெண்டு குடுத்தேன். ஆமா. மறந்துட்டேன்."

வேன்காரர் விடியற்காலையில்தான் வந்தார். பொய் என்று எனக்குத் தெரிந்தது. யாருக்காக அந்தப் பொய் என்பதும் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் பையைக் கீழே வைத்தார். "மோட்டார் போட்டுட்டு வரேன்" என்றார். தொட்டி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

சம்பந்தி வீட்டார் சித்தூருக்குக் கிளம்பினார்கள். நான் வேனின் ஜன்னல் அருகே போய் நின்றேன்.

"தேதி எப்ப பாக்கறீங்க?"

"ஆவணில பாக்கலாம்னுதானே பேசினோம்."

"ஆனியிலயே பாருங்க."

"இவ்ளோ சீக்கிரமாவா?" என்றார் சம்பந்தியம்மா.

"சீக்கிரமா" என்றேன்.

வீட்டுக்குப் போனேன். மகள் வெளிப்படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே உட்காராமல் ஏன் படியில் உட்காருகிறாள் என்று நான் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை திட்டியிருக்கிறேன். அவளைத் தாண்டி உள்ளே போனேன். பதினாறு வருஷம் லாட்ஜ் ரூம் பார்த்திருக்கிறேன். என் வீட்டை ஒருமுறைகூட அப்படிப் பார்த்ததில்லை. சோப்பு இடத்தைத் தடவினேன். ஃபிளஷ் தொட்டி எங்கள் வீட்டில் கிடையாது. பக்கெட்டைக் கவிழ்த்தேன். ஏறினேன். வென்டிலேட்டர் இடைவெளியில் கையை விட்டேன்.

கையில் பட்டது.

முதல் பிடியில் வந்தது இரண்டு சுருட்டுத் துண்டு. ஒல்லி, விரலில் பாதி. நுனியை மடக்கி அமுக்கியிருந்தது. பீடியை அவர் அப்படித்தான் அணைப்பார், கல்யாணமான புதிதில் பார்த்திருக்கிறேன். அதற்குக் கீழே பீடி. புதியது, பழையது, மழையில் ஊறிக் காய்ந்து இலை இலையாகப் பிரிந்தது. பகலில் அவர் தூங்குகிறார் என்று கதவைச் சாத்திவிட்டு நான் வேலைக்குப் போவேன். சனி, ஞாயிறு மட்டும் மகளும் உள்ளே இருப்பாள். கை எட்டுகிற வரைக்கும் எடுத்தேன். கை மாற்றி எடுத்தேன்.

மகள் வாசலில் வந்து நின்றாள். பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"நைனா பாவம்மா" என்றாள்.

"எத்தினி நாளா?"

அன்று சாயங்கால பஸ்ஸிலேயே அவளை ஹாஸ்டலுக்கு ஏற்றி அனுப்பினேன். ஆனி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரவேண்டாம், நான் அங்கே வருகிறேன் என்று சொன்னேன்.

பிறகு சம்பந்தித் தட்டை எடுத்தேன். வெற்றிலைக் காம்பு ஒன்று அதில் ஒட்டியிருந்தது. துடைத்தேன். துண்டுகளை அதில் வைத்துத் துணியால் மூடி லாட்ஜுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கேட்டுப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். மேலே இன்னும் வெளிச்சம் இருந்தது. தட்டை அவர் மடியில் வைத்தேன். துணியை எடுத்தேன்.

அவர் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது வருகிறார்களா என்று ரோட்டைப் பார்த்தார். யாரும் வரவில்லை.

"மலைல சொன்னது நெஜந்தாம்மே" என்றார். "ஒரு வருசம் தொடல."

"எண்ணு" என்றேன்.

"எதுக்கு?"

"சம்பந்தி எண்ணினாரு. நான் எண்ணினேன். நீயும் எண்ணு."

அவர் விரலால் ஒவ்வொன்றாக ஒதுக்கினார். பாதியில் விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் நின்றேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். முடிக்கிற வரைக்கும் நான் அங்கேயே நின்றேன்.

"எத்தினி?" என்றேன்.

"எழுவத்தி ஒண்ணு."